கோயெனெச்சே சரிவு

"கீரை உங்களுக்கா, பைக்கா?"

"பைக்குத்தான் சார்."

"பை கீரை சாப்பிடுமா?"

"பைக்குச் சொந்தக்காரங்க சாப்பிடுவாங்க சார்."

"பை உங்க கையிலதானே இருந்துச்சு?"

"கையில இருந்துச்சு. ஆனா என் பை இல்ல."

"அப்ப திருடினதா?"

"ஐயோ, குடுத்து விட்டாங்க சார்."

கேட்டவர் டாக்டர் பால்தசார் கோயெனெச்சே, பை நடத்தை ஆய்வு நிலையத்தின் இயக்குநர். பதில் சொன்னவர் நிபால்தோ ஓயார்சூன், எங்கள் கொலிப்ரி குன்றுக்காரர். இருவருக்கும் நடுவில் மேசைமேல் மூன்று பைகள் கிடந்தன. ஒன்று சாக்குத்துணியில் தைத்தது, ஒன்று கப்பல் கித்தானில் தைத்தது, மூன்றாவது நீலக் கட்டம் போட்ட பருத்திப் பை. ஓரமாக இக்னாசியா என்ற இளம் ஆய்வாளர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பை எது?" என்றார் டாக்டர்.

"எனக்குப் பை கிடையாது சார். தனி ஆளு. கோட்டுப் பாக்கெட்டே போதும்."

"மூணு பையோட கடைக்கு வர்ற மனுஷன், தனக்குப் பையே கிடையாதுன்னு சொல்றார்," என்று டாக்டர் இக்னாசியாவிடம் சொன்னார். "இதைக் கொட்டை எழுத்துல எழுது."

இந்த ஆய்வு நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கடைகளில் பிளாஸ்டிக் பை கொடுக்கக் கூடாது என்று நாட்டில் சட்டம் வந்தபோது எங்கள் குன்றில் யாரும் கலங்கவில்லை. ரொட்டி வாங்கவென்று ஒரு துணிப்பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்காத வீடு இங்கே கிடையாது. எங்கள் தாத்தாக்கள் காலத்திலேயே நாங்கள் அந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்திருந்தோம். ஆனால் சட்டம் என்று ஒன்று வந்தால் அதைப் புரிந்துகொள்ள ஒரு நிலையம் வேண்டும், நிலையத்துக்கு ஒரு கட்டடம் வேண்டும். கட்டடம் தயாராக இருந்தது. குன்றின் அடிவாரத்தில், ஆட்களைச் சரிவில் மேலும் கீழும் கம்பிவடத்தால் இழுத்துச்சென்ற இழுவை ரயிலின் கீழ் நிறுத்தம்.

இழுவை ரயில் நின்று பல வருடங்கள் ஆகின்றன. கம்பிவடம் தேய்ந்துவிட்டது என்றார்கள். புதுக் கம்பிவடம் வரும் என்றார்கள். ஆய்வு நிலையம் வந்தது. டிக்கெட் ஜன்னலுக்கு மேலே 'தரவு வரவேற்பு' என்று பலகை மாட்டினார்கள். தண்டவாளத்தில் நின்றிருந்த பெட்டியையே டாக்டர் தன் அலுவலக அறையாக எடுத்துக்கொண்டார். அதன் பெரிய கண்ணாடி வழியாக, எங்கும் போகாத தண்டவாளம் குன்றின் உச்சிவரை ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டே அவரால் ஆழமாகச் சிந்திக்க முடிந்தது. பிரேக் பிடியில் அவருடைய மேல்கோட்டு தொங்கியது. நிபால்தோ தன் வாழ்நாளில் பாதியை அந்தப் பிடியைப் பிடித்தபடி கழித்தவர். கேள்விகளுக்கு நடுவே அவர் பார்வை அடிக்கடி அந்தக் கோட்டின்மேல் போய் நின்றது. இக்னாசியா அதையும் குறித்துக்கொண்டாள்: 'ஆடம்பரப் பொருள்மேல் ஆசை.'

டாக்டரின் கண்டுபிடிப்புக்குக் கோயெனெச்சே சரிவு என்று பெயர். பெயர் வைத்தவரும் அவரே. அது இப்படிப் போகும். சொந்தப் பை கொண்டுவரும் மனிதன் கடை வாசலிலேயே தன்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்கிறான். அந்த நினைப்போடு நேராகப் போய், இயற்கை உரத்தில் விளைந்த கீரை வாங்குகிறான். கீரை வாங்கியதும் இன்னும் நல்லவனாகிவிடுகிறான். அவ்வளவு நல்லவனுக்கு யாராவது பரிசு தர வேண்டாமா? யாரும் தருவதில்லை. எனவே தனக்குத்தானே கொழுப்பும் சாராயமும் இனிப்புமாக வாங்கிக்கொள்கிறான். ஆக, மனிதன் பையைச் சுமக்கவில்லை, பைதான் மனிதனைச் சுமக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்கள் இந்தச் சரிவில் ஒழுங்காகச் சறுக்க மறுத்ததுதான் ஒரே சிக்கல். சிலர் கீரையோடு நிறுத்திக்கொண்டார்கள். சிலர் நேராக ஐஸ்கிரீமுக்குப் போனார்கள். பலர் ரொட்டி மட்டும் வாங்கிக்கொண்டு, பீச் பழ டின் அடுக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்த இக்னாசியாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். நிலையத்தையே மூடிவிடலாம் என்று தலைநகரில் பேச்சு அடிபட்ட வேளையில்தான், ஒரு வியாழக்கிழமை, நிபால்தோ வழக்கம்போல மூன்று பைகளோடு கடைக்குள் நுழைந்தது முதல்முறையாக இக்னாசியாவின் கண்ணில் பட்டது. சாக்குப் பையில் கீரையும் கினோவா என்ற சிறுதானியமும் வாங்கினார். கித்தான் பையில் கார லோங்கனீசா தொத்திறைச்சியும் அட்டைப்பெட்டி ஒயினும் வாங்கினார். கடைசியாக நீலக் கட்டப் பையில் ரொட்டியும் கடற்பாசியும் வைத்து, அதன்மேல் ஒரு சிரிமோயாப் பழத்தை வைத்தார். நம் சீத்தாப்பழத்துக்கு அக்கா முறை, விலையில் பாட்டி முறை. நல்லொழுக்கம், வீழ்ச்சி, பரிசு. முழுச் சரிவும் ஒரே மனிதனில். இக்னாசியா அவரைக் கையோடு நிலையத்துக்கு அழைத்துவந்துவிட்டாள்.

"சார், நான் சொல்றதைக் கேளுங்க," என்றார் நிபால்தோ. "சாக்குப் பை சென்யோரா உபெர்லிந்தாவோடது. அவங்களுக்கு ரத்தக் கொதிப்பு. ஆஸ்பத்திரி டாக்டர் கீரை சாப்பிடச் சொல்லியிருக்கார். கித்தான் பை பெரியவர் தோன் அபெலார்தோவோடது. கப்பல்ல இருந்தவர். அவரை எந்த டாக்டரும் பார்த்ததில்ல. இழுவை ரயில் நின்னதுல இருந்து அவங்களால கீழ கடை வரைக்கும் படி இறங்கி ஏற முடியல. அதான் நான் போறேன்."

"அண்டை வீட்டார்," என்றார் டாக்டர் கனிவாக. "நல்ல சொல். எல்லாருக்குள்ளயும் சில அண்டை வீட்டார் குடியிருக்காங்க, தோன் நிபால்தோ. ஒருத்தர் கீரை கேட்பார். ஒருத்தர் ஒயின் கேட்பார்."

"இல்ல சார், அவங்க எனக்குள்ள இல்ல. குன்று மேல இருக்காங்க."

"மேல," என்று டாக்டர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

நிபால்தோ வேறு வழியில் முயன்றார். "உங்க வீட்ல யாரு சார் கடைக்குப் போறது?"

"எங்க வேலைக்காரம்மா. அது ஆய்வுக்குத் தொடர்பில்லாதது." டாக்டர் நீலக் கட்டப் பையை விரலால் தட்டினார். "இது?"

"சென்யோரா ஃபிரேசியாவோடது."

"ரொட்டி, கடற்பாசி. சரி. சிரிமோயா யார் சொல்லி வாங்கினது?"

நிபால்தோ பழத்தைப் பைக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தார்.

இதற்கும் விளக்கம் வேண்டும். ஃபிரேசியா மில்யாபான் குன்றின் உச்சிப் படியில் குடியிருப்பவர். ஒரு காலத்தில் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். கணவர் போய் வெகுகாலம் ஆகிறது. சென்ற குளிர்காலத்தில் படியில் வழுக்கி முழங்கால் எலும்பு முறிந்தது. அவர் வீட்டுக் கதவு இரண்டாகத் திறக்கும் வகை, மேல் பாதி தனி, கீழ் பாதி தனி. வியாழக்கிழமைகளில் மேல் பாதி திறந்திருக்கும். நிபால்தோ பையைக் கீழ்ப் பாதியின் விளிம்பில் வைப்பார். ஃபிரேசியா ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார்.

"இது என்ன, நான் சொல்லவேயில்லையே?"

"கொசுறு, சென்யோரா. சொந்தப் பை கொண்டுபோனா கடைல குடுக்கறாங்க."

"போன வாரமும் குடுத்தாங்க."

"போன வாரமும் பை கொண்டுபோனேனே."

"என் புருஷன் செத்தப்ப ஒரு மெழுகுவத்தி கடன் குடுக்காத கடை அது. இப்ப சிரிமோயா குடுக்குதா?"

"சட்டம் மாறிடுச்சு, சென்யோரா."

ஃபிரேசியா பழத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். காலிப் பையை மடித்து நீட்டுவார். "அடுத்த வியாழன்," என்பார். அவ்வளவுதான் நடக்கும். அந்தக் காலிப் பை நிபால்தோவின் வீட்டு ஆணியில் ஒரு வாரம் தொங்கும். அது தொங்கும்வரை அடுத்த வியாழக்கிழமை அந்தக் கதவைத் தட்ட அவருக்கு உரிமை உண்டு. வேறு காரணம் சொல்லித் தட்டும் துணிச்சல் அவருக்கு இல்லை. பல வருடங்கள் பெட்டியை நூல் பிடித்ததுபோல் மேலும் கீழும் ஓட்டியவருக்குப் பக்கவாட்டில் நகரத் தெரியாது.

இதையெல்லாம் இழுவை ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்து ஓர் இயக்குநரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அன்று மாலைத் தேநீருக்குள் குன்று முழுக்கப் பரவிவிடும். கொசுறு இல்லை என்று ஃபிரேசியாவுக்கும் தெரிந்துவிடும்.

"யாரும் சொல்லல சார்," என்றார். அவர் முகம் காதுவரை சிவந்திருந்தது.

"அப்ப உங்களுக்காக."

"ஆமா சார். எனக்காகத்தான்."

டாக்டர் கண்களை மூடிக்கொண்டார். கண்டுபிடிப்பாளர்களின் வாழ்வில் இப்படிப்பட்ட நொடிகள் அபூர்வம்.

அடுத்த வியாழக்கிழமை பைமாற்றுச் சோதனை நடந்தது. கீரையைக் கித்தான் பையிலும் தொத்திறைச்சியைச் சாக்குப் பையிலும் போட வேண்டும், பை மாறினால் ஆள் மாறுகிறானா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். முடியாது என்றால் பைகளை நிலையமே வைத்துக்கொள்ளும் என்றும் சொன்னார்கள். படியேறும்போது மாற்றிவைத்துவிடலாம் என்று நிபால்தோ நினைத்திருந்தார். ஆனால் பைகளின் வாயை மெழுகால் முத்திரையிட்டு இக்னாசியாவும் கூடவே ஏறினாள்.

தோன் அபெலார்தோ முத்திரையைப் பல்லால் கடித்துப் பிரித்தார்.

"நிபால்தோ, இது என்ன, பறவைத் தீனியா?"

"கினோவா."

"பறவை எங்க?"

"பறவை இல்ல. வேகவச்சு சாப்பிடணும்."

"என் ஒயின்?"

"அது உபெர்லிந்தா வீட்டுக்குப் போயிருக்கு. ஆராய்ச்சி."

"நாப்பது வருஷம் கடல்ல போனேன்டா. கொள்ளைக்காரங்ககூட என் ஒயினைத் தொட்டதில்ல."

சென்யோரா உபெர்லிந்தாவுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. மறுநாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, இந்த ஆராய்ச்சி எவ்வளவு நாள் நடக்கும் என்று விசாரித்தார். லோங்கனீசா வாசனை தெருவுக்கே வந்தது. நிலையத்தின் அறிக்கையில் இப்படி எழுதினார்கள்: 'பை மாறியதும் முதிய ஆண் ஆரோக்கியமான உணவுக்கு மாறினார். முதிய பெண்ணின் மனநிலை வியக்கத்தக்க வகையில் முன்னேறியது.'

சோதனை நாளன்று உச்சிப் படிக்கு முன்னால் இக்னாசியா மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாள்.

"தினமுமா இவ்வளவு படி ஏறுறீங்க?"

"வேற வழி இருந்துச்சும்மா. அதுல இப்ப உங்க டாக்டர் உட்கார்ந்திருக்கார்."

அவள் சிரிக்கப் பார்த்து, வேலை நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள். "இந்த நீலப் பையை மட்டும் ஏன் நெஞ்சோட அணைச்சுப் பிடிக்கிறீங்க?"

"சிரிமோயா நசுங்கிடும்."

'பரிசுப் பொருளைப் பாதுகாத்தல்' என்று எழுதினாள். பிறகு தன் உத்தரவை நினைவுபடுத்திக்கொண்டு, பையில் இருந்த ரொட்டியையும் கடற்பாசியையும் பழத்தையும் அவர் கைகளில் அடுக்கிவிட்டு, நீலப் பையை வாங்கி மடித்துத் தன் தோள்பையில் வைத்தாள்.

"ஏம்மா, என்ன பண்ற?"

"இது பரிசுப் பை, தோன் நிபால்தோ. முதன்மைச் சான்று. நிலையத்துல இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். மன்னிச்சுக்கங்க."

இரண்டு கைகளிலும் சாமானோடு அவர் படியில் நின்றார். ஒரு தட்டு தட்டக்கூடக் கை இல்லை. தட்ட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, மேல் கதவு திறந்தேயிருந்தது. ஆனால் பை எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? திரும்பிப் பார்க்காமல் இறங்கி, அவரிடம் சேர்க்கச் சொல்லி எல்லாவற்றையும் அபெலார்தோவிடம் கொடுத்துவிட்டுப் போனார். சிரிமோயாவை மட்டும் கோட்டுப் பாக்கெட்டில் போட்டிருந்தார். வழியில் அது நசுங்கியது.

மறுநாள் காலை நிலையத்தின் வாசலில் போய் நின்றார்.

"அந்தப் பையைத் திருப்பிக் குடுத்துடுங்க சார். வேற எது வேணா எடுத்துக்கங்க."

"வேற பைதானே வேணும்?" டாக்டர் அலமாரியைத் திறந்தார். உள்ளே கூரைவரை நிலையத்தின் பைகள், ஒவ்வொன்றும் பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில். ஒன்றை எடுத்து நீட்டினார். வெள்ளைத் துணியில் பச்சை எழுத்தில் 'நான் அக்கறையுள்ளவன்' என்று அச்சிட்டிருந்தது.

"இதோட போனா கதவைத் திறப்பாங்களா சார்?"

"எந்தக் கதவை?"

"ஒண்ணுமில்ல சார்."

வெளியே வரும்போது உறையை எங்கே போடுவது என்று கேட்டார். அதற்கு நிலையத்தில் இன்னும் வழிமுறை வகுக்கப்படவில்லை.

ஆணி காலியாக இருந்தது. அடுத்த வியாழக்கிழமை வந்தது, போனது. அபெலார்தோ படிக்கட்டின் குறுக்கே நின்று, துறைமுகத்துக்கே கேட்கும் குரலில் சேதி சொன்னார்: "ஃபிரேசியா கேக்கறா, என் பையை வித்துட்டியான்னு."

"நிலையத்துல இருக்குன்னு சொல்லு."

"நீயே போய்ச் சொல்லு. நான் என்ன தபால்காரனா? நேத்தும் நீ குடுத்துவிட்ட ரொட்டியை அவளுக்கு நான்தான் கொண்டுபோனேன். என் கையால ரொட்டி வாங்கும்போது அவ மூஞ்சியப் பார்த்திருக்கணும் நீ."

"எப்படி இருந்துச்சு?"

"கினோவா மாதிரி இருந்துச்சு."

விழா ஞாயிற்றுக்கிழமை நடந்தது. தலைநகர் சந்தியாகோவிலிருந்து அமைச்சகத் துணைச் செயலர் வந்திருந்தார். கீழ் நிறுத்தத்தைக் காகிதப் பூக்களால் அலங்கரித்திருந்தார்கள். ஊர் வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. படி இறங்க முடியாதவர்களும் பங்கேற்கட்டும் என்ற நல்லெண்ணம். மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நீலக் கட்டப் பை இருந்தது, அதன்மேல் ஒரு சிறு விளக்கு. நிபால்தோவைக் கழுத்துப்பட்டை கட்டி முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

துணைச் செயலர் முதலில் பேசினார். "நண்பர்களே, இழுவை ரயிலைப் பழுது பார்க்கக் கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். பார்க்கலாம். ஆனால் ஒரு கம்பிவடம் என்ன செய்யும்? மனிதர்களை மேலே கொண்டுபோகும். அவ்வளவுதான். அந்த நிதியை இங்கே முதலீடு செய்ததால், மனிதர்கள் ஏன் நடந்து மேலே போகிறார்கள் என்பதை நாம் இன்று ஆழமாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். கீழே இறங்கி வருபவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. இறங்கி வராதவர்கள் குறித்து இன்னொரு நிலையம் அமைக்கும் திட்டம் பரிசீலனையில் உள்ளது." கண்ணாடி வழியே தண்டவாளத்தை நிமிர்ந்து பார்த்துப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டதும் ஒலிபெருக்கியில் விழுந்தது: "மேலே என்ன இருக்கிறது?" "மக்கள், சார்." "அப்படியா."

டாக்டர் கோயெனெச்சே எழுந்தார். கண்ணாடிப் பெட்டியின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

"இதோ உட்கார்ந்திருக்கிறார் எளிய மனிதர் நிபால்தோ ஓயார்சூன். கீரையில் தொடங்குகிறார், ஒயினில் விழுகிறார். பிறகு, பெருமக்களே, ஒவ்வொரு வியாழக்கிழமையும், யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், இந்த நீலப் பைக்காக ஒரு சிரிமோயா வாங்குகிறார். முழு விலை கொடுத்து வாங்குகிறார். மலிவான பழங்களை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, காம்புப் பக்கம் முகர்ந்து, இருப்பதிலேயே நல்லதைத் தேர்ந்தெடுக்கிறார். அதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை நாங்கள் அளந்திருக்கிறோம். பையைப் பார்க்கும்போது அவர் முகத்தில் வரும் மாற்றத்தைப் படம் எடுத்திருக்கிறோம். இந்த மனிதரை இப்படிச் செய்யவைப்பது எது? பை. வெறும் பை."

கைதட்டல் எழுந்தது. நிபால்தோவின் பார்வை ஒலிபெருக்கியில் இருந்தது. அதிலிருந்து ஒரு கறுப்புக் கம்பி தரையில் ஊர்ந்து சுவர் வழியே வெளியே போனது. அது எங்கெல்லாம் போகும் என்று அவருக்குத் தெரியும்.

அவரை மேடைக்கு அழைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். 'உதாரண நுகர்வோர்.' ஏதாவது பேசுங்கள் என்றார்கள்.

"அந்தப் பை என்னுது இல்ல," என்றார். "அதைக் குடுத்துடுங்க. அது இல்லாம நான்…"

"பார்த்தீர்களா?" என்று டாக்டர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். "அது இல்லாமல் அவர் இல்லை." இசைக்குழு வாசிக்கத் தொடங்கியது. இக்னாசியா மட்டும் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிப் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி துணைச் செயலரின் சட்டைப்பையில் இருந்தது. அவர் அதை நினைவுப் பரிசாக நினைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நிபால்தோ கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு படியேறினார். ஜன்னல்களில் வானொலி இன்னும் பாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை தெரிந்தது. சென்யோரா உபெர்லிந்தா கையசைத்தார். அபெலார்தோ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"முழு விலையா?" என்றார்.

நிபால்தோ நிற்கவில்லை.

"எனக்கு வாழ்நாள்ல ஒரு எலுமிச்சம்பழமாவது முகர்ந்து பார்த்து வாங்கியிருக்கியாடா?"

உச்சிப் படியில் மேல் கதவு திறந்திருந்தது. உள்ளே வானொலியை அணைத்திருந்தார்கள். ஃபிரேசியா காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். தலை வாரியிருந்தார். தினமும் வாருவாரா, இன்றுதான் வாரியிருக்கிறாரா என்பது நிபால்தோவுக்குத் தெரியாது. வியாழக்கிழமை தவிர வேறு நாளில் அவர் இங்கே வந்ததில்லை.

"வாங்க, உதாரண நுகர்வோரே."

"பை, சென்யோரா…"

"கேட்டேன். கண்ணாடிப் பெட்டில இருக்காம், விளக்கு வேற போட்டிருக்காங்களாம். என்னைவிட அதுக்கு நல்ல வீடு கிடைச்சிருக்கு."

"கேட்டுப் பார்த்தேன். தர மாட்டேங்கிறாங்க."

"கொசுறுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"சட்டம் மாறிடுச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நானும் ஒவ்வொரு வாரமும் அந்தக் கடைக்காரனுக்காக வேண்டிக்கிட்டேன். திருந்திட்டான் பாவம்னு."

அவர் சிரிக்கிறாரா என்று நிபால்தோவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அமைச்சகத்துக்கு மனு போடலாம், வழக்குப் போடலாம், அதேமாதிரி துணி வாங்கி வேறு பை தைக்கலாம் என்று படியேறும்போது யோசித்து வைத்திருந்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. பையை வைத்து வைத்து வழவழப்பாகியிருந்த கீழ்க் கதவின் விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். கைகளை வேறு எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"சென்யோரா ஃபிரேசியா," என்றார். "எங்கிட்ட இப்ப பை இல்ல. வாங்கிட்டு வரவும் ஒண்ணும் இல்ல. இன்னைக்கு வியாழக்கிழமையும் இல்ல. சும்மா, உள்ள வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போகட்டுமா?"